விலை சொல்லாத வாணிபம்

ஓர் அங்காடிக்கு இரு வாயில்கள். ஒன்றில் விலைப்பலகை தொங்குகிறது. மற்றொன்றில் 'இலவசம்' என்று எழுதப்பட்டுள்ளது. கணினிக்கும் கைப்பேசிக்கும் ஆட்டங்களை வெளியிடும் நிறுவனங்கள் பலவும் இன்று இவ்வாறே வாணிபம் செய்கின்றன. ஆட்டத்திற்கெனவே கணினி வாங்கிப் பழகியவர் பெரும்பாலும் முதல் வாயிலில் நுழைந்து, விலையை ஒருமுறை செலுத்தி முழு ஆட்டத்தையும் பெறுகிறார். பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தைப் போக்க விரும்புபவரோ இரண்டாம் வாயிலுக்கு அழைக்கப்படுகிறார். இவற்றுள் நேர்மையான வாயில் எது?

2012இல் கிங் நிறுவனம் வெளியிட்ட 'கேண்டி கிரஷ் சாகா'வை எடுத்துக்கொள்வோம். ஆடுபவருக்கு ஐந்து உயிர்கள். தோற்குந்தோறும் ஒன்று போகும். போன உயிர் மீள அரைமணி நேரம் ஆகும். பொறுத்திருப்பவர் காசு தர வேண்டியதில்லை, பொறுக்கமாட்டாதவர் தரலாம். தடையை அமைத்தவரே அதனைக் கடக்கும் வழியையும் விற்கிறார்.

"பெரும்பாலோர் ஒரு காசும் செலவிடாமல் ஆடி மகிழ்கின்றனரே, இதில் குற்றம் யாது?" என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அப்பலருடைய இலவசத்திற்கு விலை கொடுப்போர் மிகச் சிலர். அச்சிலருள் வசதி படைத்தோரும் உளர். தம்மைத் தாமே அடக்க இயலாதோரும் உளர். இவ்விருவரையும் வேறு பிரித்தறியாமல், மிகுதியாகச் செலவிடுவோரையெல்லாம் 'திமிங்கிலம்' என்றே இத்தொழிலினர் குறிக்கின்றனர். சூதாட்ட விடுதிகளிலிருந்து வந்த சொல் அது.

முதல் வாயிலிலும் நேர்மை தானாக வந்துவிடவில்லை. 2017இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' ஆட்டத்திற்கு முழு விலையும் பெற்றுக்கொண்டு, உள்ளிருப்பது இன்னதென அறியவொண்ணாத பரிசுப் பெட்டிகளையும் விற்க முனைந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர், வெளியீட்டிற்குச் சற்று முன்னர் அவ்விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அறிவித்தது.

இலவச ஆட்டமான 'ஃபோர்ட்நைட்'டின் கதை வேறு. ஒரு பொத்தானை அழுத்தியதுமே காசு பறிபோகும்படியும், பெற்றோரின் இசைவின்றிச் சிறுவர் பொருள் வாங்கும்படியும் அது அமைந்திருந்ததென அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர 2022இல் இணங்கியது.

பழகிய ஆட்டக்காரர்க்கு அவர்தம் கூக்குரல் நீதி பெற்றுத் தந்தது. சிறுவர்க்காகச் சட்டம் பேசிற்று. விளையாட்டாக நுழைந்து, கேட்கவும் தெரியாமல், வெட்கத்தால் வெளியே சொல்லவும் மாட்டாமல் பணம் இழப்பவருக்கு யார் பேசுவது? அவருக்கு விற்பவருடைய மனச்சான்றைத் தவிர வேறு காவல் இல்லை.

அம்மனச்சான்றைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: உள்ளே வாங்கவிருப்பதை வாயிலிலேயே எழுதி வைக்க அவர் துணிவாரா? துணியாதவரின் இலவசத்தை நம் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன், அக்கேள்வியை நாமே கேட்பது நன்று.