வாக்குக் கடன்

கொடுத்த வாக்கு ஒரு கடன் என்று கேட்டு வளர்ந்தவன் நான். என் கதைகளிலும் வாக்குத் தவறாதவர்களையே கதாநாயகர்களாக்கியிருக்கிறேன். ஆனாலும் வாக்குத் தவறிய ஒருவரிடம் எனக்கு நீங்காத மதிப்பு உண்டு. அவர் ஸர் ராபர்ட் பீல்.

1841-ல் பீலின் கன்சர்வேடிவ் கட்சி பிரிட்டனில் ஆட்சிக்கு வந்தது. அந்நிய தானியத்துக்கு வரி போட்டு உள்ளூர் விலையைக் காத்த சட்டம் நிலைக்கும் என்று நம்பியே நிலப்பிரபுக்கள் அவரை ஆதரித்தார்கள். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போயிற்று. ஏழைகளுக்கு அதுதான் சோறு. இனி அந்த வரி கூடாது என்று பீல் தீர்மானித்தார். மந்திரி சபை ஒத்துவரவில்லை; டிஸம்பரில் ராஜிநாமா செய்தார். எதிர்க்கட்சியால் மந்திரி சபை அமைக்க முடியாமற்போகவே அவரே திரும்பி வந்தார்.

1846-ல் சட்டம் ரத்தாயிற்று, எதிர்க்கட்சியின் வோட்டுகளால்! சொந்தக் கட்சியில் பெரும்பாலோர் அவருக்கு எதிராக நின்றார்கள். ஜூன் 25-ந் தேதி பிரபுக்கள் சபை மசோதாவை நிறைவேற்றிய அதே இரவில், காமன்ஸ் சபை வேறொரு மசோதாவில் அவரைத் தோற்கடித்தது. போன பதவி அப்புறம் திரும்பவே இல்லை.

நம்பி வோட்டுப் போட்டவர்களை ஏமாற்றலாமா? கூடாதுதான். வரி போனதால் அயர்லாந்து பிழைத்துவிடவும் இல்லை. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஆயினும், சொல் மாறியவனை எடைபோட என்னிடம் ஒரு படிக்கல் உண்டு: மாறியதால் அவன் பெற்றது என்ன, இழந்தது என்ன? பதவிக்காக வாக்கை விட்டவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பீல், விட்ட வாக்குக்கு ஈடாகப் பதவியை வைத்துவிட்டுப் போனார். கடன் முழுதும் தீர்ந்ததா என்பதை, அவருக்கு வோட்டுப் போட்டவர்கள்தாம் சொல்ல வேண்டும்.