இலை செய்த குற்றம்

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ‘உம்’முக்கும் ‘அல்லது’வுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். வியட்நாம் போருக்குப் பின், ஆறு மாத இடைவெளியில் ஏற்கப்பட்ட இரண்டு ஒப்பந்தங்களை அண்மையில் சேர்த்து வாசித்தேன். 1976இல் ஐ.நா. ஏற்றது, இயற்கையின் இயக்கத்தையே ஆயுதமாக்குவதைத் தடுக்கிறது. விளைவு பரவலானதாகவோ நெடுங்காலம் நீடிப்பதாகவோ கடுமையானதாகவோ இருந்தால் போதும். 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறையிலோ சேதம் பரவலானதாகவும் நெடுங்காலத்ததாகவும் கடுமையானதாகவும் இருக்க வேண்டும். காடு எரிந்தால் மட்டும் போதாது. மூன்று தேர்விலும் அது தேறியாக வேண்டும்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென் வியட்நாமில் ஏழு கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியைத் தெளித்தன. பயிரை அழிப்பதும் நோக்கம்தான். ஆனால் முதன்மையான காரணம், இலைகளுக்குக் கீழே எதிரி மறைந்திருந்தான் என்பது. சைகோனுக்குத் தெற்கே கான் ஜியோவின் கண்டல் காடு பெரும்பாலும் செத்துப்போனது. 1978இலிருந்து, தென்முனையான கா மாவிலிருந்து விதை கொண்டுவந்து, மக்கள் சேற்றில் நின்று கையால் நட்டார்கள். 2000இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. நட்டதில் பெரும்பகுதி ஒரே இன மரம்.

தீமூட்டும் ஆயுதங்கள் பற்றிய 1980ஆம் ஆண்டு நெறிமுறை காட்டைப் பெயர் சொல்லியே காக்கிறது. காட்டைத் தாக்கக் கூடாதாம், போராளிகளை மறைக்க அது பயன்பட்டாலன்றி. ஆளில்லாத காட்டை எந்தப் படை வேலை மெனக்கெட்டு எரிக்கப்போகிறது? வந்தவன் யாரென்று கேட்காமல் நிழல் கொடுத்ததே காட்டின் குற்றமாகிவிடுகிறது.

மரத்தைவிட மனித உயிர் பெரிதில்லையா என்று கேட்பார்கள். பெரிதுதான். பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் இருந்து தப்பியவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பார்கள். அவர்களிடம் பனையின் உரிமை பேச எனக்கு வாய் வராது. ஆனால் உயிரைக் காக்க ஒரு மரத்தைத் தறிப்பதும், யாரையாவது காத்துவிடுமே என்று காட்டையே மொட்டையடிப்பதும் ஒன்றல்ல. ‘இராணுவத் தேவை’ என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது.

1998இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக ரோமில் சட்டம் எழுதியவர்களும் அந்த ‘உம்’மையே வைத்துக்கொண்டார்கள். போதாததற்கு, எதிர்பார்க்கும் இராணுவப் பயனைவிடச் சேதம் தெளிவாக மிகையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அந்தக் கணக்கை முதலில் போடுகிறவர், தாக்குதலுக்கு உத்தரவிடும் அதிகாரிதான்.