விதியும் வியாதியும்

அல்லாஹுதஆலா நமக்கு அருளியுள்ள நிஃமத்துகளில் ஆரோக்கியம் மிக உயர்ந்தது. அது கையில் இருக்கும்வரை அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

பெருநகரில் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் வெளியே வந்தபோது, காலில் கட்டுப்போட்ட பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார். "ஹஜ்ரத், எங்க அத்தாவுக்கும் சர்க்கரை, அண்ணனுக்கும் சர்க்கரை. எங்க ரத்தத்திலேயே அல்லாஹ் எழுதிட்டான். அப்புறம் பத்தியம் எதுக்கு?" என்று கேட்டார். அருகில் நின்ற இளைஞர் ஒருவர், "வாயைக் கட்டாம தின்னா வராம என்ன செய்யும்? எல்லாம் அவங்கவங்க தேடிக்கிட்டது" என்று சொல்லிவிட்டார். பெரியவரின் முகம் வாடிப்போயிற்று.

இவ்விரு பேச்சும் அகீதா பாடம் ஓதியவர்களுக்குப் புதியவை அல்ல. மனிதனுக்குச் சுயவிருப்பமே கிடையாது, காற்றில் பறக்கும் இறகு போன்றவன் அவன் என்றனர் ஜபரிய்யாக்கள். தன் செயலுக்கு அவனே முழுக் கர்த்தா, கத்ர் என்பதே இல்லை என்றனர் கதரிய்யாக்கள். படைப்பவன் அல்லாஹ், முயன்று தேடிக்கொள்ளும் 'கஸ்பு' அடியானுடையது என்று நடுவழியில் நின்றனர் அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தினர். வியாதியைப் பற்றிப் பேசும்போதும் நாம் இந்த நடுவழியை விட்டு விலகலாகாது.

பெரியவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் ஜீன் என்னும் மரபணுக்களில் சில, சர்க்கரை வியாதிக்கு இடம் கொடுப்பவை. ஒரே தெருவில், ஒரே அரிசியை உண்டும் ஒருவருக்கு வியாதி வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் மரபணு மாறிவிடாது. கேழ்வரகுக் கூழ் குடித்து, ஏர் ஓட்டி, அறுவடைக் கட்டைத் தலையில் சுமந்த பாட்டனாரின் அதே இரத்தம்தான் இன்று வண்டியில் கடைக்குப் போய்வரும் பேரனிடமும் ஓடுகிறது. மாறியது வாழ்க்கை முறையே.

அமெரிக்காவில் பீமா என்றொரு பூர்வகுடி மக்கள் உள்ளனர். ஒரு பிரிவினர் அமெரிக்காவின் அரிசோனாவிலும், மற்றொரு பிரிவினர் மெக்ஸிகோ நாட்டு மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அரிசோனாவில் 100க்கு 38 பேருக்குச் சர்க்கரை வியாதி. உடல் வருந்தி உழைக்கும் மெக்ஸிகோ பீமாக்களிடமோ 100க்கு 7 பேருக்குத்தான். விதை ஒன்று, வயல் வேறு.

நம் சென்னையிலும் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினர். சர்க்கரை கூடியிருந்தாலும் இன்னும் வியாதியாக முற்றாத 531 பேரை அதில் சேர்த்தனர். 2006இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேர் வியாதியில் விழுந்தனர். உணவைத் திருத்தி, உடலுழைப்பைக் கூட்டும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேர்.

இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். "முயன்று என்ன பயன்?" என்பவருக்கு, தப்பிய 16 பேர் பதில் சொல்கிறார்கள். "எல்லாம் அவர் தேடிக்கொண்டது" என்பவருக்கு, வழிகாட்டுதல் பெற்றும் வியாதிக்கு ஆளான 39 பேர் பதில் சொல்கிறார்கள். நோயாளியைப் பழிக்கும் உரிமை நமக்கு ஏது?

இன்னுமொன்று. சூழ்நிலை தாயின் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. நம் குழந்தைகளிடம் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. பிற்காலத்தில் சர்க்கரை வியாதிக்கு இது ஒரு வழி என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் உண்ணும் கர்ப்பிணி மருமகள் எத்தனை வீடுகளில் இருக்கிறாள்! அந்தக் குழந்தை தன் சூழ்நிலையைத் தானா தேர்ந்தெடுத்தது?

ஆகவே ஒருவருக்கொருவர் நாமே சூழ்நிலையாக இருக்கிறோம். வலீமா விருந்தில், "இன்னிக்கு ஒருநாள் தானே" என்று சர்க்கரை வியாதிக்காரர் தட்டில் இனிப்பை வைத்து வற்புறுத்துகிறோமே, அது அன்பாகுமா? வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்?

ஹிஜ்ரி 17, 18ஆம் ஆண்டுகளில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்கே பயணமான கலீஃபா ஹளரத் உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் செய்தியறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று ஹளரத் அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்று உமர் (ரலி) விளக்கினார்கள். ஓடையின் ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி; ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்று உவமையும் கூறினார்கள்.

பெரியவரிடம் நாம் இதைத்தான் சொன்னோம்: "இரத்தத்தில் எழுதியவனே பத்தியத்தையும் மருந்தையும் படைத்தான். ஒட்டகத்தைப் பசுமையான கரைக்கு ஓட்டுங்கள்." அந்த இளைஞரிடம், பெரியவரைத் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பொறுப்பை ஏற்கச் சொன்னோம். ஏற்றுக்கொண்டார்.

வல்ல அல்லாஹ், தந்ததைப் பேணவும், தடுத்ததைப் பொறுக்கவும், பிறர் நோய்க்கு நாம் காரணமாகாதிருக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.