விழுப்புண்ணும் வெண்ணூசியும்

முதுகிலே பட்டால் இழிவு. மார்பிலே பட்டால் பெருமை! விழுப்புண் என்று அதற்கொரு பெயரும் சூட்டினர் நம் முன்னோர். மேடை ஏறும் நாமும் அதைச் சொல்லிச் சொல்லி மார்தட்டுகிறோம். ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி! மார்பிலே புண்பட்டு வீழ்ந்தானே அந்த வீரன், அவன் பிறகு என்ன ஆனான்?

பாட்டு பெரும்பாலும் அங்கே முடிந்துவிடுகிறது. அவனுக்கு மூச்சுத் திணறலோ அங்கேதான் தொடங்குகிறது.

மார்புக்கூடு காற்றுப் புகாத பேழை. அது விரியும்போது நுரையீரலும் விரிகிறது. மூச்சுக்குழல் வழியே காற்று வருகிறது. வேலோ குண்டோ அந்தப் பேழையைத் துளைத்துவிட்டால், காற்று துளை வழியே உள்ளே பாய்கிறது. நுரையீரல் சுருங்கிப் போகிறது. வீரன் மூச்சை இழுக்க இழுக்க, மூச்சே அவனைக் கொல்கிறது.

பதிற்றுப்பத்திலே ஒரு காட்சி உண்டு. போரிலே பிளந்த மார்பை நீண்ட வெள்ளூசியால் தைக்கிறார்கள். குளத்திலே மூழ்கி எழும் சிரல் பறவையைப் போல ஊசி மூழ்கி எழுகிறது. நம் முன்னோர் புண்ணைப் பாடியதோடு நில்லாமல், புண்ணைத் தைத்தவன் கையையும் கண்டிருக்கிறார்கள். மகிழலாம். ஆனால், "பார்த்தீர்களா, எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது!" என்று கூத்தாடினால், புராணத்திலே விமானம் காட்டுபவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? தைத்தது மேல்தசையை. அதன் அடியிலே நடப்பது என்ன என்பதை உலகமே அறியாதிருந்த காலம் அது.

அறியாமைகூடப் பெருங்குற்றமன்று, அறிந்துவிட்டோம் என்ற இறுமாப்பே குற்றம். ஐரோப்பாவிலே என்ன செய்தார்கள்? மார்பிலே குருதி கொட்டக் கிடந்தவனின் கையைக் கீறி, மேலும் குருதியை வடித்தார்கள்! 19ஆம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. ஏன்? பழைய ஏடுகள் சொல்லின. பட்டம் பெற்றவர்கள் செய்தார்கள். வைதீகம் பூணூல் அணிந்து வரவேண்டும் என்பதில்லை. மருத்துவர் அங்கி அணிந்தும் வரும்.

நெப்போலியனின் படை மருத்துவர் டொமினிக் லாரே, எகிப்துப் படையெடுப்பின்போது, மார்பு துளைபட்டு மூச்சடைத்த ஒரு வீரனின் புண்வாயை மூடிக் கட்டினார். மூச்சுத் தணிந்தது, மனிதன் தேறினான். ஏட்டை நம்பாமல் எதிரே கிடந்தவனைப் பார்த்த கண் அது. அதே லாரேதான், காயத்தின் கடுமையைப் பார், பதவியைப் பாராதே என்ற முறையைப் போர்க்களத்திலே நிலைநாட்டியவர். விலா எலும்புக்கு அடியிலே பிரபு ஏது, பஞ்சை ஏது?

ஆனாலும் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, மார்பு துளைபட்டோரில் 100க்கு 60 பேருக்கு மேல் மாண்டனர். ஒருவர் கண்டது போதாது; அனைவரும் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு 1918இல் பார்க்கப்பட்டது. அமெரிக்கப் படை முகாம்களிலே தட்டம்மையும் இன்புளூயன்சாவும் பரவின. தொடர்ந்து நுரையீரலைச் சுற்றிச் சீழ். சீழ் கண்டால் உடனே திற என்பது அந்நாளைய விதி. திறந்தார்கள், 100க்கு 30 பேர் அளவிலே இறந்தார்கள். ஆராய ஒரு குழு அமைந்தது. அதிலே ஈவார்ட்ஸ் கிரஹாம் என்ற மருத்துவர் இருந்தார். குழு கண்ட உண்மை கசப்பானது: கொன்றது சீழ் மட்டுமன்று, கத்தியும்தான்! நோயின் தொடக்கத்திலேயே மார்பைத் திறந்ததால் காற்றுப் புகுந்து நுரையீரல் ஒடுங்கியது. ஊசியால் நீரை வாங்கு, காத்திரு, பிறகு திற என்று முறையை மாற்றினார்கள். இறப்பு 100க்கு 5க்கும் கீழே இறங்கியது.

புதிய மருந்து வரவில்லை. புதிய கருவி வரவில்லை. "நாம் தவறினோம்" என்ற ஒரு சொல் வந்தது!

இதயம் காயத்தைத் தாங்காது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது வேதவாக்கு. 1896இல் பிராங்க்பர்ட் நகரிலே லுட்விக் ரென், கத்திக்குத்துப் பட்ட ஓர் இளைஞனின் இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தார். 1944–45இல் இங்கிலாந்திலே, அமெரிக்கப் படை மருத்துவர் டுவைட் ஹார்க்கன், வீரர்களின் இதயத்திலும் அதன் அருகிலும் தைத்திருந்த 134 குண்டுத் துணுக்குகளை எடுத்தார். 13 துணுக்குகள் இதய அறைகளுக்கு உள்ளேயே கிடந்தவை. ஒருவரும் இறக்கவில்லை. உயிரின் கோயில் என்றார்கள். அது உழைக்கும் தசை என்று விரல் கண்டது.

"அப்படியானால் போர் நல்லதுதானே? போரல்லவா மருத்துவத்தை வளர்த்தது!" என்று கேட்பார் உண்டு. தோழர்களே, கலிங்கத்திலே மார்புகள் பிளக்கவில்லையா? வாட்டர்லூவிலே பிளக்கவில்லையா? புண்தான் ஆசான் என்றால் இந்தப் பாடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டுமே! போர் தந்தது பிணம். பிணத்தை எண்ணிப் பார்த்த அறிவு தந்ததே மருத்துவம். அந்தப் பெருமையைப் போருக்குச் சூட்டுவது, தீ வைத்தவனுக்குத் தீயணைத்தவனின் மாலையைப் போடுவதாகும்.

எண் என்றால் கணக்கு. எண்ணம் என்றால் சிந்தனை. ஒரே வேரிலே கிளைத்தவை இரண்டும். கணக்குப் பார்க்காத சிந்தனை வெறும் நம்பிக்கை. பகுத்தறிவு என்று பெயர் எழுதி ஒட்டினாலும் அது நம்பிக்கைதான்.

இங்கேதான் என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியன் நான். வகுப்பிலே தேறியவர் எத்தனை பேர் என்பது எனக்கு மனப்பாடம். இடையிலே நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் என் கடுஞ்சொல்லால் நின்றவர் எத்தனை பேர் என்று நான் எழுதி வைத்ததில்லை. நாம் நடத்திய கூட்டங்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கூட்டங்களால் எத்தனை வீட்டுத் திண்ணையிலே சாதி இறங்கிப் போனது என்ற கணக்கு எங்கே?

பிறர் மூடத்தனத்தை எண்ணுவது எளிது. தன் கத்தி கொன்றதை எண்ணுவது அரிது. 1918இல் அந்த மருத்துவர்கள் அதைச் செய்தார்கள்; மனிதர் பிழைத்தனர்.

மார்தட்டியது போதும், தோழர்களே! இனி நம் கணக்கை எடுப்போம்.