இயந்திரக் கண்ணும் வைத்தியர் கண்ணும்

பெருங்குடலில் தோன்றும் சிறு வளர்ச்சிகளுட் சில, காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடியவை. கமெரா பொருத்திய குழாயைச் செலுத்தி வைத்தியர் அவற்றைத் தேடுகையில், இன்று கணினியும் உடன் தேடுகிறது. ஐயமான இடத்தைத் திரையிற் கட்டமிட்டுக் காட்டுகிறது. உயிர்காக்கும் இத்துணையை வேண்டாமென்பார் யார்?

ஆனால் 2025இல் போலந்து நாட்டின் நான்கு நிலையங்களிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கணினித் துணை புகுமுன் நூற்றுக்குச் சுமார் 28 பேரிடம் இவ்வளர்ச்சிகளைக் கண்ட வைத்தியர்கள், அதற்குப் பழகியபின், துணையின்றிச் செய்த பரிசோதனைகளில் 22 பேரிடமே கண்டார்கள். அனைவரும் அனுபவம் முதிர்ந்தவர்கள்! (ஓர் ஆய்வுதான், முடிந்த முடிபன்று.)

கணினியில்லாத ஆஸ்பத்திரியின் நோயாளிக்கும் வைத்தியர் கடமைப்பட்டவரன்றோ? ஆகவே இடையிடையே அவர் தம் கண்ணையே நம்பிப் பழகவேண்டும் என்பேன். அந்தப் பழக்கத்துக்காக, கணினியை நிறுத்திவிட்டு உங்களைப் பரிசோதிக்கச் சம்மதிப்பீர்களா?