பசியற்றவரின் நோன்பு

உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின்னரே அடுத்த வேளை உண்ண வேண்டும் என்பது திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ வகுக்கும் நெறி. பசி பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையே இந்நெறிக்கு அடித்தளம். இரைப்பையின் பெரும்பகுதியோ முழுவதுமோ அகற்றப்பட்டவரிடத்தில் அந்த அடித்தளம் ஆட்டம் காண்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் இரைப்பையிலேயே சுரப்பதால் அது குறைந்துபோகிறது. மூளையிலிருந்து இறங்கி இரைப்பையின் அசைவை ஆளும் வேகஸ் நரம்பு அறுவையின்போது துண்டிக்கப்பட்டால், எஞ்சிய இரைப்பை உணவைக் குடலுக்குத் தள்ளவே தயங்குகிறது. காஸ்ட்ரோபரேசிஸ் எனப்படும் இந்த மந்தத்தில் நான்கு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட, உப்புசமும் குமட்டலும் மணிக்கணக்கில் நீள்கின்றன. பசி வரட்டும் என்று காத்திருப்பவர் மெலிந்துகொண்டே போவார்.

ஆகவே அறுவை செய்துகொண்டவர் கடிகாரத்தைப் பார்த்து உண்கிறார்: நாளைக்கு ஐந்தாறு சிறு வேளைகளாக, கொழுப்பும் நாரும் குறைத்து, நன்றாக மென்று, உண்டவுடன் படுக்காமல். மெல்லாமல் விழுங்குவதே முறையென்று பெங்களூருக்காரர் போற்றும் ராகி முத்தே என்னும் களி உருண்டையை அவர் மறந்து, குழைந்த கஞ்சிக்குப் பழக வேண்டியிருக்கிறது.

சிக்கல் ஏகாதசியன்று எழுகிறது. தண்ணீரும் அருந்தாமல் உபவாசம் இருக்கும் மாத்வ வைணவக் குடும்பங்கள் நிறைந்த பெங்களூரில், அன்று கஞ்சி குடிப்பவர் விரதத்தை முறித்தவராவாரா? நோயாளிக்கு விலக்கு உண்டென்பதை தர்மசாஸ்திரமும் சொல்கிறது, ரமலான் நோன்பைப் பற்றிப் பேசுமிடத்தில் குர்ஆனும் சொல்கிறது. ஆனால் விலக்கு என்பது சலுகை. சலுகை பெற்றவர் மனத்தில் குறை தங்கிவிடும். நோன்பின் சாரம் பட்டினியன்று, விருப்பத்துக்குப் பணியாமையே என்று கொண்டால், விரும்பும் உணவைத் துறப்பவரும் விரும்பாத உணவை வேளை தவறாமல் ஏற்பவரும் ஒரே நோன்பையே நோற்கிறார்கள். பசித்து உண்ணச் சொன்ன வள்ளுவரே, அதே அதிகாரத்தில், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செயல்படுமாறு மருத்துவருக்குச் சொல்கிறார். பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கன்னட-தமிழ் மொழிப் பூசலின் நினைவாக மட்டுமே பார்ப்பவர்கள் இந்த வள்ளுவரைத் தவறவிடுகிறார்கள்.

இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவரின் உடல் உணவிலுள்ள பி12 வைட்டமினைப் போதிய அளவு ஏற்காது என்பதால், அதை மருத்துவர் சொல்லும் வகையில் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும்; எந்த விரத நாளுக்காகவும் அதைத் தள்ளிப்போடலாகாது.