ஒட்டாத போஸ்டர்

ஒரு போஸ்டரின் ஆயுசு எத்தனை நாள்? தாராளமாக ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் அதுகூடக் கிடையாது. அப்புறம் அதன் முகத்திலேயே பசையைத் தடவி, அடுத்த போஸ்டரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் (சுருக்கமாக 'மோமா') நூறு வயதைத் தாண்டிய போஸ்டர் ஒன்று இருக்கிறது. 1923-ல் ஜெர்மனியின் வைமார் நகரத்தில், பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி நடத்திய கண்காட்சிக்கான விளம்பரம். வரைந்தவர் யூஸ்ட் ஷ்மிட். அப்போது அங்கே மாணவர். சிவப்பும் கறுப்புமாக வட்டங்கள், பட்டைகள். மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால்தான் எழுத்தைப் படிக்க முடியும். உள்ளே கட்டம் கட்டமாக ஒரு மனித முகம். அது ஆஸ்கர் ஷ்லெம்மர் போட்டுக் கொடுத்த பள்ளி முத்திரை.

அந்தக் கண்காட்சி ஆசைப்பட்டு நடத்தியது இல்லை. 1919-ல் வால்ட்டர் குரோப்பியஸ் ஆரம்பித்த பள்ளி அது, அரசாங்கப் பணத்தில் ஓடியது. நாலு வருஷமாகக் காசு கொடுக்கிறோமே, என்ன செய்து கிழித்தீர்கள், காட்டுங்கள் என்று மாநில அரசு கேட்டுவிட்டது. நேரமோ மகா மோசம். அதே பள்ளி மாணவர் ஹெர்பர்ட் பேயர் அந்த வருஷம் துரிங்கியா அரசு வங்கிக்காகப் பத்து லட்சம், இருபது லட்சம் மார்க் நோட்டுகளை வடிவமைத்துக் கொடுத்தார். நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். காலையில் வாங்கிய சம்பளத்தைச் சாயங்காலத்துக்குள் செலவழிக்காதவன் முட்டாள்.

போஸ்டருக்கு வேலை இரண்டுதான். எங்கே, எப்போது என்று சொல்லணும். ஷ்மிட்டின் போஸ்டர் ஜூலை முதல் செப்டம்பர் வரை என்கிறது. கண்காட்சி தொடங்கியதோ ஆகஸ்ட் 15. அதாவது செய்யவேண்டிய இரண்டில் ஒன்று தப்பு! இருந்தும் இன்றைக்கு அது பொக்கிஷம்.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். சுவரில் ஏறிய போஸ்டர்கள், வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு, யாரோ சிலரை வைமாருக்கு ரயிலேற்றிவிட்டுக் கிழிந்து போயின. வேலையை ஒழுங்காகச் செய்தவை எல்லாம் காலி. தப்பித்து நம் கைக்கு வந்தவை பெரும்பாலும் சுவருக்கே போகாதவை. வேலைக்கே சேராதவருக்குப் பென்ஷன் கொடுப்பது மாதிரி!

எப்படித் தப்பித்திருக்கும்? அச்சகத்தில் மிச்சம் விழுந்திருக்கலாம். வரைந்தவரே ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாரையும் திருடனாக்க வேண்டாம். ஆனால் போஸ்டர் சேகரிப்பின் சரித்திரம் அவ்வளவு சுத்தமும் இல்லை. 1890-களின் பாரிஸில் துலூஸ் லோத்ரெக் வரைந்த போஸ்டர்களுக்கு ஏகக் கிராக்கி. பசை காய்வதற்குள் ராத்திரியோடு ராத்திரியாக உரித்துக்கொண்டு போனார்கள். ஒட்டுகிற ஆளிடம் கொஞ்சம் காசு தள்ளினால், சுவர் வரைக்கும்கூடப் போகவேண்டாம்.

நூறு போஸ்டரை வாங்கிக்கொண்டு போன ஒருவர் 99 ஒட்டிவிட்டு ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். நான் படித்த காமர்ஸில் இதற்குப் பெயர் கையாடல். முதலாளி நூறுக்கும் கூலி கொடுத்தாயிற்று. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் நூறையும் ஒட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். யோக்கியர். அவரால் நமக்கு எதுவும் மிஞ்சவில்லை. அயோக்கியரால் ஒன்று மிஞ்சியது. அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து 'ஆஹா' என்கிறோம்.

பலன் நல்லதாக முடிந்தால் செய்ததும் நல்லதாகிவிடுமா? 'கலையைக் காப்பாற்றினார்' என்று சப்பைக்கட்டு கட்டலாம். அவருக்கு அது கலை என்றே தெரிந்திருக்காது. படம் அழகாக இருந்திருக்கும், அல்லது சமையலறை அலமாரியில் விரிக்கக் காகிதம் தேவைப்பட்டிருக்கும்.

அவரைச் சுலபமாகத் திட்டிவிடவும் முடியவில்லை. 1925-ல் பௌஹவுஸை வைமாரைவிட்டே விரட்டினார்கள். டெஸ்ஸாவுக்குப் போனது, பெர்லினுக்குப் போனது, 1933-ல் நாஜி நெருக்கடியில் மூடிவிட்டார்கள். குரோப்பியஸும் பேயரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, 1938-ல் இதே மோமாவில் பௌஹவுஸ் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பள்ளியைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? கைக்குக் கிடைத்த காகிதங்கள், போட்டோக்கள், சாமான்கள்தான் வந்தன. எல்லாரும் நூறுக்கு நூறு கடமை வீரர்களாக இருந்திருந்தால், எதைக் காட்டியிருப்பார்கள்?

இத்தனை பாடுபட்டுத் தப்பிய பழைய போஸ்டர்களின் இன்றைய நிலைமையைக் கேளுங்கள். வெளிச்சம் பட்டால் காகிதம் பழுக்கும், மை வெளுக்கும். அதனால் வருஷத்தில் பெரும்பகுதி இருட்டு டிராயரில். எப்போதாவது வெளியே எடுத்தால் 50 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் சில மாதம், திரும்பவும் இருட்டு. போகிற வருகிற ஜனங்களைக் கூவிக் கூப்பிடப் பிறந்த பொருள்!

எங்கள் தொழிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். படிக்கப்பட்ட பத்திரிகை அடுத்த வாரம் போண்டா மடிக்கப் போய்விடும். அலுவலக பைண்டிங்கில் பத்திரமாக இருக்கும் பிரதியை யாரும் புரட்டுவதில்லை. எண்ணெய்க் கறையோடு கசங்கிப் போனதுதான் ஒரு வாசகரைச் சேர்ந்த பிரதி. இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஆனாலும் இந்த இதழ் அச்சாகி வந்ததும் கட்டிலிருந்து இரண்டு பிரதியை உருவி என் பைக்குள் வைத்துக்கொள்வேன். ஒன்று பைலுக்கு. இன்னொன்று, இருக்கட்டுமே என்று. அந்தக் கட்டு கடைக்குப் போகவேண்டியது.